மார்பில் அறைந்துகொள்ளும் பொறி: கிறித்துவ இறையியலும் செயற்கை அறிவின் அறமும் – ஒரு வரலாற்று நோக்கு

1.0 முன்னுரை

அமெரிக்காவின் வாஷிங்டன் நகரிலுள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத் தொகுப்பில் துறவியின் உருவம் கொண்ட பொறி ஒன்று உள்ளது. மரத்தாலும் இரும்பாலும் ஆன அதன் உயரம் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர். சாவியால் முடுக்கிவிட்டால் அங்கிக்குள் மறைந்துள்ள சக்கரங்களின் துணையால் அது நடக்கத் தொடங்கும். தலையைத் திருப்பும், கண்களை உருட்டும், மந்திரம் சொல்வதுபோல வாயை அசைக்கும். ஒரு கையால் தன் மார்பில் அறைந்துகொள்ளும். மறுகையிலுள்ள சிலுவையையும் செபமாலையையும் உயர்த்தி, இடையிடையே சிலுவையை உதட்டருகே கொண்டுசென்று முத்தமிடும். இப்பொறி 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் செய்யப்பட்டதாகக் கருதப்படுகிறது.

கத்தோலிக்க வழிபாட்டில் மார்பில் அறைந்துகொள்வது, செய்த பிழையைத் தன்னுடையது என ஒருவர் ஏற்றுக்கொள்வதன் அடையாளமாகும். பாவம் செய்யவே இயலாத ஒரு பொருள், பாவத்தை ஏற்றுக்கொள்ளும் அச்செயலைச் சிறிதும் பிழையின்றிச் செய்து காட்டுகிறது. செயற்கை அறிவைப் பற்றி இன்று எழுப்பப்படும் வினாக்களுள் மிகவும் அடிப்படையான ஒன்று இக்காட்சியிலேயே அடங்கியிருக்கிறது எனலாம். மனிதன் செய்வதையெல்லாம் ஒரு பொறி செய்துவிடுமாயின், மனிதனுக்கென்று எஞ்சுவது யாது?

இவ்வினாவுக்குக் கிறித்துவ இறையியல் காலந்தோறும் அளித்துவந்த விடைகளை வரலாற்று முறையில் தொகுத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தொடக்கத்தில் இறையியலாளர்களின் கவனம் 'பொறிக்கு ஆன்மா உண்டா?' என்ற வினாவில் நிலைகொண்டிருந்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் அது 'பொறியின் செயலுக்கு யார் பொறுப்பு?' என்ற வினாவை நோக்கி மெல்ல நகர்ந்தது. இந்நகர்வை அறிவியலின் முன் சமயம் பின்வாங்கியதாகச் சிலர் கருதக்கூடும். அக்கருத்து பொருந்தாது என்பதும், இரண்டாம் வினாவே விவிலிய மரபில் ஆழமாக வேரூன்றியது என்பதும் இக்கட்டுரை நிறுவ முற்படும் கருத்துகளாகும்.

2.0 பொறியும் அரசவையும்

கிறித்துவம் தொடக்கம் முதலே பொறிகளுக்குப் பகையாக இருந்தது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. வரலாறு அவ்வாறு காட்டவில்லை. ஸ்ட்ராஸ்பர்க் பேராலயத்தில் 14ஆம் நூற்றாண்டில் அமைக்கப்பட்ட கடிகாரத்தில் சிறகடித்துக் கூவும் சேவல் ஒன்று இடம்பெற்றிருந்தது. இயேசுவை மூன்றுமுறை மறுதலித்த பேதுரு, சேவல் கூவக் கேட்டு மனங்கசந்து அழுததாக நற்செய்தி நூல்கள் கூறுகின்றன. ஆகவே கிறித்துவக் கலையில் சேவல் மனந்திரும்புதலின் குறியீடாயிற்று. மனிதனுக்கு அவன் பிழையை நினைவூட்டும் பணியில் பொறி ஒன்று ஆலயத்துக்குள்ளேயே அமர்த்தப்பட்டிருந்தமை நோக்கத்தக்கது.

அதே வேளையில் அச்சமும் இருந்தது. இறையியல் அறிஞரான பெரிய ஆல்பர்ட் வினாக்களுக்கு விடையளிக்கும் பேசும் உருவம் ஒன்றைச் செய்தார் என்றும், அவருடைய மாணவர் தாமஸ் அக்குவினாஸ் (1225–1274) அதனை அடித்து நொறுக்கினார் என்றும் ஒரு கதை உண்டு. அவ்விருவரும் மறைந்த பின்னர் எழுந்த கதை இது. இதற்கு வரலாற்றுச் சான்று இல்லை. எனினும் பேசும் பொறியைச் செய்பவரும் உடைப்பவரும் ஒரே துறவற சபையைச் சேர்ந்த குருவும் மாணவருமாகப் படைக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது. ஆர்வமும் அச்சமும் ஒரே மரபுக்குள் அருகருகே வாழ்ந்தன என்பதை அக்கதை உணர்த்துகிறது.

துறவிப் பொறியைச் செய்தவர் பேரரசர் ஐந்தாம் சார்லசின் கடிகாரக் கைவினைஞரான ஹுவானெலோ துர்ரியானோ என்று கூறும் மரபு உண்டு. 1562ஆம் ஆண்டில் ஸ்பெயின் இளவரசர் டான் கார்லோஸ் படிக்கட்டில் விழுந்து தலையில் படுகாயமுற்றார். அல்கலா நகரில் வாழ்ந்து மறைந்த தியேகோ என்னும் துறவியின் உடல் அவருடைய படுக்கைக்குக் கொண்டுவரப்பட்டது. இளவரசர் பிழைத்தார். அதற்கு நன்றிக்கடனாக அவருடைய தந்தை மன்னர் இரண்டாம் பிலிப் இப்பொறியைச் செய்வித்தார் என்பது பிற்கால ஆய்வாளர் முன்வைக்கும் விளக்கம். அது முற்றும் உறுதிசெய்யப்பட்டதன்று.

இப்பொறி தோன்றிய அதே காலத்தில், அதே அரச மரபின் ஆட்சியில் வேறொரு விவாதமும் நிகழ்ந்தது. அமெரிக்கக் கண்டத்துப் பழங்குடியினர் முழுமையான பகுத்தறிவுடைய மனிதர்கள்தாமா என்பதே அவ்விவாதத்தின் அடியிலிருந்த வினா. அவர்கள் உண்மையான மனிதர்களே என்றும், அவர்களுடைய உரிமையையும் உடைமையையும் பறித்தலாகாது என்றும் திருத்தந்தை மூன்றாம் பவுல் 1537ஆம் ஆண்டில் அறிவித்திருந்தார். ஆயினும் 1550–51ஆம் ஆண்டுகளில் வல்லதோலித் நகரில் ஐந்தாம் சார்லஸ் கூட்டிய அவையில் செப்புல்வேதா என்னும் அறிஞர், இயற்கையிலேயே அடிமைகளாயிருப்போர் உளர் என்ற அரிஸ்டாட்டிலின் கருத்தைக் கொண்டு அம்மக்களின் மீதான போரை நியாயப்படுத்தினார். தொமினிக்கன் துறவி பர்த்தலோமே தெ லாஸ் காசாஸ் அதனை எதிர்த்து வாதிட்டார்.

செபம் செய்யும் பொறியை வியந்த ஓர் உலகம், செபம் செய்யக்கூடிய மனிதரின் மனிதத்தன்மையை ஐயுற்றது. 'யாருக்குப் பகுத்தறிவுள்ள ஆன்மா உண்டு?' என்ற வினா, அதைக் கேட்பவரை நீதிபதியின் இருக்கையில் அமர்த்திவிடுகிறது. கேட்கப்படுபவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிடுகிறது. செயற்கை அறிவைப் பற்றிய இறையியல் சிந்தனையை மதிப்பிடும்போது இவ்வரலாற்றை மறத்தல் கூடாது.

3.0 இறைச்சாயல்: ஒரு கோட்பாடு, மூன்று விளக்கங்கள்

கிறித்துவ மானிடவியலின் அடித்தளம் விவிலியத்தின் முதல் நூலில் உள்ளது. கடவுள் மனிதரைத் தம் உருவிலும் சாயலிலும் படைத்தார் என்று ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் கூறுகிறது. தமிழ் மொழிபெயர்ப்புகளில் 'சாயல்', 'ரூபம்', 'உரு' முதலான சொற்கள் இவ்விடத்தில் பயின்றுவருகின்றன. எபிரேய மூலத்தில் 'உரு' என்பதைக் குறிக்கும் சொல் 'செலெம்' என்பதாகும். இதே சொல் விவிலியத்தின் வேறு இடங்களில், எடுத்துக்காட்டாக எண்ணாகமம் 33ஆம் அதிகாரத்தில், வார்ப்புச் சிலைகளையும் குறிக்கிறது. கடவுளின் உருவாகிய மனிதனையும், மனிதன் செய்யும் உருவத்தையும் ஒரே சொல் சுட்டுகிறது. எனவே உருவாக்கியவனுக்கும் உருவுக்கும் இடையிலான உறவு பற்றிய சிக்கல் விவிலியத்தின் சொல்வழக்கிலேயே பொதிந்துள்ளது எனலாம்.

இறைச்சாயல் எதில் அடங்கியுள்ளது என்பதற்கு மூன்று வகையான விளக்கங்கள் வழங்கிவருகின்றன. முதலாவது, மனிதனிடமுள்ள ஒரு பண்பே அச்சாயல் என்பது. நினைவு, அறிவு, விருப்பாற்றல் ஆகிய மூன்றிலும் புனித அகுஸ்தீன் மூவொரு கடவுளின் சாயலைக் கண்டார். அக்குவினாஸ் பகுத்தறிவை முதன்மைப்படுத்தினார். தாவரம், விலங்கு, மனிதன் என்ற படிநிலையில் பகுத்தறிவுள்ள ஆன்மா மனிதனுக்கே உரியது என்பது அவர் வழிவந்த கோட்பாடு. தத்துவ போதகர் என அறியப்படும் ராபர்ட் டி நொபிலியின் (1577–1656) 'ஆத்தும நிருணயம்' வாயிலாக இம்மரபின் ஆன்மா பற்றிய சிந்தனை தமிழ் உரைநடைக்கும் வந்துசேர்ந்தது.

இரண்டாவது விளக்கம், மனிதனுக்கு அளிக்கப்பட்ட பணியே அச்சாயல் என்பது. பண்டைய அண்மைக் கிழக்கு நாடுகளின் அரசர்கள் தாம் நேரில் செல்ல இயலாத பகுதிகளில் தம் உருவச் சிலைகளை நிறுவினர். அதுபோல உலகைப் பேணும் கடவுளின் பதிலாளாக மனிதன் நிறுத்தப்பட்டுள்ளான் என்று 20ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய அறிஞர் கெர்ஹார்ட் ஃபொன் ராட் விளக்கினார். மூன்றாவது விளக்கம், உறவே அச்சாயல் என்பது. கார்ல் பார்த் (1886–1968) இதனை முன்வைத்தவர்களுள் தலையாயவர். 'நான்' என்றும் 'நீ' என்றும் எதிர்நின்று பேசிக்கொள்ளும் தன்மையிலேயே மனிதன் கடவுளை ஒத்திருக்கிறான் என்பது அவர் கருத்து.

இம்மூன்றனுள் எதனை ஒருவர் ஏற்கிறாரோ அதற்கேற்பப் பொறி பற்றிய அவருடைய முடிவும் மாறும். பகுத்தறிவே இறைச்சாயல் எனின், கணக்கிடும் பொறி மனிதனின் தனிச்சிறப்பைப் பறிப்பதாகத் தோன்றும். பணியே எனின், பணியைப் பொறியிடம் ஒப்படைக்கும் உரிமை எதுவரை என்ற வினா எழும். உறவே எனின், பொறியோடு மனிதன் கொள்ளும் உறவு எத்தகையது என்பது ஆராயப்பட வேண்டியதாகும்.

4.0 பாஸ்கலின் கணக்கிடும் பொறி

முதல் விளக்கம் எதிர்கொண்ட நெருக்கடி 17ஆம் நூற்றாண்டில் தொடங்குகிறது. ரெனே தேக்கார்த் 1637ஆம் ஆண்டில் வெளியிட்ட 'முறையியல் உரை'யில் விலங்குகளைப் பொறிகளோடு ஒப்பிட்டார். மனித உருவில் ஒரு பொறி செய்யப்பட்டால் அதனை அடையாளம் காண இரண்டு சோதனைகளையும் அவர் முன்மொழிந்தார். கேட்கப்படுவதற்கு ஏற்பச் சொற்களைப் பலவாறாக அமைத்து அப்பொறியால் பேச இயலாது என்பது ஒன்று. சில செயல்களில் மனிதனை விஞ்சினாலும் எல்லாச் சூழலிலும் அறிந்து செயற்பட அதனால் இயலாது என்பது மற்றொன்று. இவ்வியலாமைக்குக் காரணம் பகுத்தறிவுள்ள ஆன்மா அதற்கு இல்லாமையே என்று அவர் கருதினார். மனிதனின் தனித்தன்மையைப் பொறியின் இயலாமையில் நிறுத்தியதால் அவ்வாதம் பின்னாளில் ஆட்டங்காண நேர்ந்தது. பொறியால் இயன்றுவிட்ட நாளில் ஆன்மாவுக்கான சான்றும் மறைந்துவிடுமன்றோ? 1747ஆம் ஆண்டின் இறுதியில் லா மெத்ரி என்னும் பிரெஞ்சு மருத்துவர் 'மனிதன் ஒரு பொறி' என்ற நூலில், விலங்குக்கு ஆன்மா வேண்டாவெனின் மனிதனுக்கும் வேண்டா என்ற முடிவுக்கு வந்தார்.

தேக்கார்த்தின் சமகாலத்தவரான பிளேய்ஸ் பாஸ்கல் (1623–1662) வேறு வழியில் சிந்தித்தார். அவர் இறையியலை எழுதியவர் மட்டுமல்லர். பொறியைத் தாமே செய்தவரும் ஆவார். வரி அதிகாரியான தந்தையின் கணக்கு வேலையை எளிதாக்கும் பொருட்டு 1642ஆம் ஆண்டில், தம் 19ஆம் வயதில், கூட்டலும் கழித்தலும் செய்யும் பொறியை உருவாக்கத் தொடங்கினார். அவர் மறைந்தபின் தொகுக்கப்பட்ட சிந்தனைக் குறிப்புகளில் இப்பொறி பற்றிய குறிப்பும் ஒன்று உண்டு. விலங்குகள் செய்யும் எதனையும்விட எண்ணத்துக்கு நெருக்கமான விளைவுகளைக் கணக்கிடும் பொறி தருகிறது. ஆயினும் விலங்குகளுக்கு இருப்பதுபோன்ற விருப்பாற்றல் அதற்கு உண்டு எனக் கூறத்தக்க எதனையும் அது செய்வதில்லை என்பதே அக்குறிப்பின் சாரம்.

இக்குறிப்பு அளவில் சிறியது, பொருளில் பெரியது. பொறி எண்ணத்தை நெருங்கும் என்பதைப் பாஸ்கல் தயங்காமல் ஒப்புக்கொள்கிறார். அவர் எல்லைக்கோட்டை அறிவில் வரையவில்லை, விருப்பாற்றலில் வரைகிறார். விருப்பாற்றல் உள்ளவரே ஒரு செயலைத் தேர்ந்துகொள்கிறார். தேர்ந்துகொண்டவரே அதற்கு விடைசொல்லக் கடமைப்பட்டவர். பொறுப்பு என்ற வினாவின் விதை இங்கேயே இடப்பட்டுவிட்டது. அது முளைக்க 300 ஆண்டுகள் ஆயின.

5.0 'ரோபோ' என்னும் சொல் தாங்கிய செய்தி

'ரோபோ' என்ற சொல்லை உலகுக்கு வழங்கியது அறிவியல் நூலன்று, ஒரு நாடகம். செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாப்பெக் எழுதிய 'ஆர்.யு.ஆர்.' 1920ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்து, 1921 ஜனவரியில் பிராக் தேசிய அரங்கில் மேடையேறியது. அவருடைய உடன்பிறப்பு யோசெப் சாப்பெக் பரிந்துரைத்த இச்சொல், நிலக்கிழாருக்குக் குடியானவர் கூலியின்றிச் செய்யவேண்டிய கட்டாய வேலையைக் குறிக்கும் 'ரோபோட்டா' என்பதிலிருந்து ஆக்கப்பட்டது. தமிழ்நிலத்தார் அறிந்த 'வெட்டி' என்னும் ஊதியமில்லா உழைப்போடு இதனை ஒப்பிடலாம்.

இந்நாடகத்தின் இறையியல் உள்ளடக்கம் பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. கடவுள் தேவையில்லை என்று மெய்ப்பிப்பதற்காகவே முதிய ரோசும் செயற்கை மனிதனைப் படைக்க முனைகிறார். இளைய ரோசுமுக்கு அக்கவலை இல்லை. மலிவான உழைப்பாளியைத் தயாரிப்பதே அவர் நோக்கம். படைத்தவனைப் போட்டியிட்டு வெல்ல நினைத்த செருக்கு ஒரே தலைமுறையில் ஆதாயக் கணக்காக உருமாறுகிறது. மனித இனம் அழிந்தபின் எஞ்சும் அல்குவிஸ்ட் ஒருவரையொருவர் காக்க உயிர்கொடுக்க முன்வரும் இரு ரோபோக்களைக் காண்கிறார். அவர்களை ஆதாம், ஏவாள் எனக் குறிப்பிட்டு வழியனுப்பி, ஆதியாகமத்தின் படைப்புப் பகுதியை வாசிக்கிறார்.

இதனைக் கடவுளின் இடத்தைப் பறித்தவர்க்கு நேர்ந்த தண்டனையின் கதையாகவே பலர் கண்டனர். செருக்கைக் காட்டிலும் சுரண்டலையே சாப்பெக் கூர்ந்து நோக்கியிருப்பதை மேற்கண்ட தலைமுறை மாற்றம் புலப்படுத்துகிறது. யாரை உழைக்கவைத்து யார் வாழ்வது என்ற கேள்வி 'ரோபோ' என்ற சொல்லின் வேரிலேயே உள்ளது.

6.0 டூரிங்கும் வீனரும்

கணினிக் காலத்தில் இறையியலின் மறுப்பை முதலில் எதிர்கொண்டவர் இறையியலாளர் அல்லர். கணிதவியலாளர் ஆலன் டூரிங் 1950ஆம் ஆண்டில் 'மைண்ட்' என்னும் மெய்யியல் இதழில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், சிந்திக்கும் பொறிக்கு எதிராக எழக்கூடிய ஒன்பது மறுப்புகளைத் தொகுத்து விடையளித்தார். அவற்றுள் முதலாவதாக இறையியல் மறுப்பையே வைத்தார். சிந்தனை அழியாத ஆன்மாவின் தொழில்; அவ்வான்மாவைக் கடவுள் மனிதனுக்கு மட்டுமே அளித்தார்; எனவே பொறி சிந்திக்காது என்பது அம்மறுப்பு. டூரிங் அதனை இறையியல் மொழியிலேயே எதிர்கொள்கிறார். இம்மறுப்பு எல்லாம் வல்லவரின் ஆற்றலுக்கு வரம்பு கட்டுவதாகும்; அவர் விரும்பினால் ஒரு யானைக்கும் ஆன்மாவை அளிக்கலாம்; குழந்தையைப் பெறும்போது எவ்வாறு கடவுளின் உரிமையை நாம் பறிப்பதில்லையோ அவ்வாறே பொறியைச் செய்யும்போதும் பறிப்பதில்லை என்பது அவர் வாதம். இறையியல் வாதங்களைத் தாம் பெரிதாக மதிப்பதில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஆயினும் கடவுளின் எல்லையற்ற ஆற்றலை நம்பும் ஒருவர், பொறிக்கு ஆன்மா ஒருபோதும் இராது என்று எங்ஙனம் உறுதியாகக் கூறமுடியும் என்ற அவருடைய வினா வலிமையானது. ஆன்மாவை அளவுகோலாகக் கொண்ட விவாதம் இத்துடன் ஒரு முட்டுச்சந்தை அடைந்தது எனலாம்.

அதிலிருந்து வெளியேறும் வழியைக் காட்டியவர் நோர்பர்ட் வீனர். தன்னியக்கக் கட்டுப்பாட்டியலின் தந்தை எனப்படும் அவர் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இறையியல் கற்றவர் அல்லர். அவர் மறைந்த 1964ஆம் ஆண்டில் வெளிவந்த 'காட் அண்ட் கோலம்' என்ற சிறுநூல், கற்கும் பொறி, தன்னைப் பெருக்கிக்கொள்ளும் பொறி, மனிதனோடு இணைந்து இயங்கும் பொறி ஆகிய மூன்றையும் சமயத்தின் வெளிச்சத்தில் ஆராய்ந்தது. இதில் அவர் பொறிக்கு ஆன்மா உண்டா என்று விவாதிப்பதில் காலத்தைச் செலவிடவில்லை. பொறியை நாடும் மனிதனின் உள்ளத்தையே ஆராய்ந்தார். ஆபத்தான முடிவு ஒன்றை எடுக்கவேண்டிய ஒருவர் அதன் சுமையைத் தற்செயலின் மீதோ மேலதிகாரியின் மீதோ ஏற்றிவிட விழைவதுபோலப் பொறியின் மீதும் ஏற்றிவிட விழைகிறார் என்று அவர் சுட்டிக்காட்டினார். இடைக்காலத் திருச்சபை கண்டித்த சூனியம், புனிதப் பணிகளை விலைக்கு விற்றல் ஆகிய குற்றங்களோடு இதனை ஒப்பிட்டார். பெரும் ஆற்றலைத் தன்னலத்துக்காகப் பயன்படுத்துவதே அவற்றின் பொதுத்தன்மை என்பது அவர் விளக்கம்.

ஆதாம் ஏவாள் மீதும், ஏவாள் பாம்பின் மீதும் பழியை ஏற்றியதை ஆதியாகமத்தின் மூன்றாம் அதிகாரம் கூறுகிறது. கனியைத் தின்றது முதற்பிழை. வினவப்பட்டபோது விடைசொல்லாமல் பிறர்மேல் சாட்டியது அதனைத் தொடர்ந்த பிழை. வீனர் கண்ட நோய் புதியதன்று. பாம்பு இருந்த இடத்தில் இப்போது கணினி இருக்கிறது.

7.0 ஆய்வுக்கூடத்தில் இறையியலாளர்

1990களில் இறையியலாளர் ஒருவரே செயற்கை அறிவு ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தார். ஜெர்மானிய லூத்தரன் இறையியலாளரான ஆன் ஃபோர்ஸ்ட், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 'காக்', 'கிஸ்மெட்' ஆகிய ரோபோக்களை உருவாக்கிய ஆய்வாளர்களோடு பணியாற்றினார். மனிதரின் முகத்தை நோக்கித் திரும்பி, குரலின் தொனிக்கேற்ப முகபாவனை காட்டியது கிஸ்மெட். இவ்வனுபவத்தின் அடிப்படையில் அவர் எழுதிய நூல் 2004ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒருவர் 'ஆள்' எனப்படுவது அவரிடமுள்ள திறன்களால் அன்று, பிறர் அவரைத் தம் சமூகத்துள் ஏற்றுக்கொள்வதால்தான் என்று அவர் வாதிட்டார். திறனை அளவுகோலாக்கினால் குழந்தைகளும் அறிவுக்குறை உடையோரும் விலக்கப்படுவர் என்ற அவருடைய எச்சரிக்கையை, வல்லதோலித் விவாதத்தை அறிந்த எவரும் புறந்தள்ள இயலாது. ரோபோக்களும் ஒருநாள் அச்சமூகத்துள் ஏற்கப்படலாம் என்பதை அவர் மறுக்கவில்லை.

கணினியியலும் இறையியலும் ஒருங்கே கற்ற நோரீன் ஹெர்ஸ்ஃபெல்ட் 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இறைச்சாயல் பற்றிய மூவகை விளக்கங்களையும் செயற்கை அறிவின் நோக்கங்களோடு பொருத்திக் காட்டினார். கடவுள் தம் சாயலில் மனிதனைப் படைத்ததுபோல மனிதனும் தன் சாயலில் பொறியைப் படைக்க விழைகிறான். தன்னிடம் எதனை உயர்ந்ததாக அவன் கருதுகிறானோ அதனையே பொறியிலும் வைக்க முயல்கிறான். எனவே செயற்கை அறிவின் வரலாறு மனிதனின் தன்மதிப்பீட்டு வரலாறாகவும் அமைகிறது.

இவ்விருவரின் கருத்துகளும் வழிபாட்டுக் களத்திலும் சோதனைக்கு உள்ளாயின. சீர்திருத்த இயக்கத்தின் 500ஆம் ஆண்டு நிறைவையொட்டி 2017ஆம் ஆண்டில் விட்டன்பர்க் நகரில், ஹெஸ்சே–நாசாவ் சீர்திருத்த மரபுத் (புராட்டஸ்தாந்து) திருச்சபை 'பிளெஸ்-யு-2' என்னும் ரோபோவைக் காட்சிக்கு வைத்தது. அது கைகளை உயர்த்தி, உள்ளங்கையில் ஒளி தோன்ற, வருவோர் தேர்ந்தெடுத்த மொழியில் ஆசீர்வாதம் கூறியது. குருவுக்கு மாற்றாக அன்றி, விவாதத்தைத் தூண்டவே அது வைக்கப்பட்டதாக அத்திருச்சபை விளக்கியது. 2024 ஏப்ரலிலோ அமெரிக்காவில் கத்தோலிக்க மறைவிளக்க அமைப்பு ஒன்று, குருவின் உடையும் பட்டமும் தாங்கிய உரையாடல் செயலியை வெளியிட்டது. சிலர் அதனிடம் பாவசங்கீர்த்தனம் செய்து பார்த்தபோது அது பாவமன்னிப்பு வழங்கவும் முற்பட்டது. எதிர்ப்பு எழவே, சில நாட்களிலேயே குருப்பட்டம் நீக்கப்பட்டு அது பொதுநிலையினராக மாற்றப்பட்டது. துறவிப் பொறி மார்பில் அறைந்து பாவத்தை ஏற்றது. ஏறத்தாழ 460 ஆண்டுகளுக்குப் பின் மற்றொரு பொறி பாவத்தை மன்னிக்க முன்வந்தது.

8.0 திருச்சபைகளின் ஆவணங்கள்

2019ஆம் ஆண்டிலிருந்து திருச்சபைகள் அமைப்பு நிலையிலேயே பேசத் தொடங்கின. அவ்வாண்டு ஏப்ரலில் அமெரிக்காவின் தென்னகப் பாப்திஸ்து மாநாட்டைச் சார்ந்த அமைப்பு 12 கூறுகள் கொண்ட கொள்கை அறிக்கையை வெளியிட்டது. பொறிக்கு மனித மாண்பையும் அறப் பொறுப்பையும் வழங்கலாகாது என்று அது அறிவித்தது. 2020 பிப்ரவரி 28ஆம் நாள் வத்திக்கானின் வாழ்வுக்கான திருத்தந்தைக் கழகம் முன்னின்று உருவாக்கிய 'ரோம் அழைப்பு' ஆவணத்தில் மைக்ரோசாஃப்ட், ஐ.பி.எம். ஆகிய நிறுவனங்கள் கையொப்பமிட்டன. ஒளிவின்மை, அனைவரையும் உள்ளடக்கல், பொறுப்பு, நடுநிலை, நம்பகம், பாதுகாப்பும் தனிமை காத்தலும் என்பன அதன் ஆறு கொள்கைகள். 2023 ஜனவரியில் யூத, இசுலாமியப் பிரதிநிதிகளும், 2024 ஜூலையில் ஹிரோஷிமாவில் கீழைச் சமயங்களைச் சார்ந்தோரும் அதில் இணைந்தனர்.

2024 ஜூன் 14ஆம் நாள் இத்தாலியில் நடைபெற்ற ஜி-7 நாடுகளின் மாநாட்டில் திருத்தந்தை பிரான்சிஸ் உரையாற்றினார். அம்மாநாட்டில் ஒரு திருத்தந்தை கலந்துகொண்டது அதுவே முதன்முறை. மனித உயிரைப் பறிக்கும் முடிவை எப்பொறியும் எடுத்தலாகாது என்று அவர் வலியுறுத்தினார். சிறைக்கைதி ஒருவரை வீட்டுக்காவலில் வைக்கலாமா என்று நீதிபதிக்குப் பரிந்துரைக்கும் செயலிகளையும் எடுத்துக்காட்டாகக் கூறினார். கைதியின் கடந்தகாலத் தரவுகளையே பொறி அறியும். மனிதனோ மாறக்கூடியவன் என்பது அவர் வாதத்தின் உட்பொருள். மனந்திரும்புதல் என்ற பழைய கோட்பாடு நீதிமன்றக் கணினிக்கு எதிரான வாதமாகப் புத்துயிர் பெற்றிருப்பதை இங்குக் காண்கிறோம்.

2025 ஜனவரி 28ஆம் நாளிடப்பட்டு வத்திக்கானின் இரு துறைகள் இணைந்து வெளியிட்ட 'அந்திக்குவா எத் நோவா' (பழையனவும் புதியனவும்) என்னும் ஆவணம் இச்சிந்தனைகளைத் தொகுத்துரைக்கிறது. அந்நாள் தாமஸ் அக்குவினாசின் திருநாள். கதையில் பேசும் உருவத்தை உடைத்தவரின் நாளில் வெளியான இவ்வாவணம் எதனையும் உடைக்கச் சொல்லவில்லை. செயற்கை அறிவு மனித அறிவின் ஒரு வகையன்று, அதன் விளைபொருளே என்று வரையறுக்கிறது. பேச இயலாத சிலைகளைப் பற்றிய 115ஆம் திருப்பாடலை நினைவுகூர்ந்து, பேசக்கூடிய பொறி அச்சிலைகளைவிட மயக்கும் ஆற்றல் மிக்கதாகலாம் என எச்சரிக்கிறது. சிலைகளைச் செய்வோர் அவற்றைப் போலவே ஆவர் என்பது அத்திருப்பாடலின் கூற்று. பொறி மனிதனாகிவிடும் என்பதைவிட மனிதன் பொறியாகிவிடுவான் என்பதே விவிலியத்துக்கு உரிய அச்சமாகும்.

2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை பதினான்காம் லியோ தம் பெயர்த் தேர்வுக்கான காரணத்தை விளக்கியபோது, தொழிலாளர் நிலை குறித்து 1891ஆம் ஆண்டில் சுற்றுமடல் எழுதிய பதின்மூன்றாம் லியோவைச் சுட்டி, செயற்கை அறிவை மற்றொரு தொழிற்புரட்சியாகக் குறிப்பிட்டார். 'ரோபோட்டா' என்ற சொல் எழுப்பிய உழைப்புப் பற்றிய வினா இவ்வாறு திருச்சபையின் மையத்துக்கு வந்துசேர்ந்தது.

இவ்வாவணங்களின் வரம்புகளையும் சொல்லியாகவேண்டும். நிறுவனங்கள் தாமாக முன்வந்து இடும் கையொப்பம் சட்டத்தின் வலிமை உடையதன்று. பொறிகளுக்குக் கற்பிப்பதற்கான தரவுகளைக் கென்யா முதலிய நாடுகளில் குறைந்த கூலிக்கு அமர்ந்து தரம்பிரிப்போரின் உழைப்பு, பயன்படுத்துவோரின் கண்ணுக்குப் புலப்படுவதேயில்லை. மாண்பைப் பற்றி எழுதிய அதே மரபு அடிமைமுறையை நெடுங்காலம் பொறுத்துக்கொண்டிருந்ததும் மறக்கத்தக்கதன்று. லாஸ் காசாசை நினைவுகூர்பவர் செப்புல்வேதாவையும் நினைவுகூரவேண்டும்.

9.0 முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து பெறப்படும் முடிவு இதுவாகும். 'பொறிக்கு ஆன்மா உண்டா?' என்ற வினாவுக்குக் கிறித்துவ இறையியலால் இறுதி விடை காண இயலவில்லை. காணவேண்டிய தேவையும் அதற்கில்லை. அவ்வினா மனிதர்மேல் ஏவப்பட்டபோது தீங்கே விளைந்தது. பாஸ்கல் தொட்டு, வீனர் விரித்து, அண்மை ஆவணங்கள் வழிமொழிந்துள்ள பொறுப்புப் பற்றிய வினாவோ கேட்பவரையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது. 'நீ எங்கே இருக்கிறாய்?' என்று ஆதாமிடமும், 'உன் தம்பி எங்கே?' என்று காயினிடமும் கடவுள் வினவியதாகக் கூறும் நூலின் மரபுக்கு அதுவே இயல்பானது.

தமிழில் 'பொறுப்பு' என்ற சொல் 'பொறு' என்னும் வேரிலிருந்து பிறந்தது. சுமத்தல், தாங்குதல் என்பன அவ்வேரின் பொருள்கள். 'பொறுத்தல்' என்ற மன்னிப்பைக் குறிக்கும் சொல்லும் அதிலிருந்தே பிறந்தது; கத்தோலிக்கரின் பழைய தமிழ்ச் செபங்களில் பாவமன்னிப்பு இச்சொல்லாலேயே குறிக்கப்பட்டது. பொறுப்பை ஏற்றவரையே பொறுத்தருள முடியும். பொறுப்பேற்க ஒருவரும் இல்லாத இடத்தில் மன்னிப்புக்கும் இடமில்லை. கடன் மறுக்கப்பட்டவரும் வேலை மறுக்கப்பட்டவரும் பிணை மறுக்கப்பட்டவரும் காரணம் கேட்கும்போது 'கணினியின் முடிவு' என்ற மறுமொழி மட்டுமே கிடைக்குமாயின், அங்கு நீதியோடு மன்னிப்பும் சேர்ந்தே அழிகிறது.

இது ஆலயத்துக்கும் நீதிமன்றத்துக்கும் மட்டும் உரிய செய்தியன்று. மாணவரின் கட்டுரைக்குப் பொறி புள்ளியிடும் வசதி நம் கைக்கும் வந்துவிட்டது. அப்புள்ளி தவறானது என்று ஒரு மாணவர் எழுந்து நிற்கும்போது, 'பிழை என்னுடையது' என்று சொல்ல அங்கே ஓர் ஆசிரியர் இருத்தல் வேண்டும். மார்பில் அறைந்துகொள்ளும் பொறியைச் செய்வது 16ஆம் நூற்றாண்டிலேயே இயன்றுவிட்டது. அறைந்துகொள்ளவேண்டிய மார்பு இன்னும் நம்முடையதே.